பூலோகத்துக்கு ஒரு வயது

"ஞாயித்துக்கெழம எல்லாத்தையும் சொல்லிரலாம்னு இருக்கேன்" என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது என் கை முழங்கை வரை மாவுக்குள் இருந்தது. உப்புப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தேன். எதைச் சொல்லப் போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவர் கண் என் முகத்தில் இல்லை. அண்டாவில் இருந்தது.

"மாவு விசயத்த விட்ருங்க" என்றேன். "என்ன அடிச்சதச் சொல்லுங்க. மண்டைய ஒடச்சதச் சொல்லுங்க. அதெல்லாம் தாராவி பூராவும் தெரியும். இத மட்டும் விட்ருங்க."

"உள்ள வச்சிருந்தா அதுவே திரும்பக் குடிக்க வச்சிரும்ளா. மீட்டிங்ல அப்படித்தான் சொல்லுதாங்க."

"வெளிய விட்டீயன்னா எந் தண்டா, இட்லி யாவாரம், போயிரும்."

அவர் அண்டாவின் விளிம்பில் வழிந்திருந்த மாவை விரலால் வழித்து உள்ளே போட்டார். இந்த ஒரு வருஷமாக இப்படித்தான், பக்கத்தில் நின்று சின்னச் சின்ன வேலையெல்லாம் செய்கிறார். அரிசி களைகிறார், கிரைண்டர் கழுவுகிறார், இட்லிக் கொப்பரைக்குத் தண்ணீர் பிடிக்கிறார். பார்க்கிறவர்கள் எனக்குக் கொடுத்துவைத்திருக்கிறது என்கிறார்கள்.

அந்த மாவு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாசிக்கிற நீங்கள் யாரும் என்னிடம் இட்லி வாங்கப் போவதில்லை. முந்தின வருஷம் ஒரு விடியலில், எங்கேயோ குடித்துவிட்டு வந்து சேர்ந்த மனிதர், எங்கள் வீட்டு மூலையைக் கக்கூஸ் என்று நினைத்து, பொங்கி நின்ற மாவு அண்டாவின் மூடியை நகர்த்திவிட்டு அதற்குள் மூத்திரம் பெய்தார். பெய்து முடித்து மூடியை ஒழுங்காகத் திரும்பவும் மூடிவைத்தார். அந்த ஒழுங்கை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் குமட்டுகிறது. அடுப்புப் பற்றவைத்துக்கொண்டிருந்த நான் சத்தம் கேட்டுத் திரும்பியதால் பார்த்தேன். முழு அண்டாவையும் இழுத்துக்கொண்டு போய்க் கட்டரில், சந்துச் சாக்கடையில், கொட்டினேன். அன்று எங்கள் சந்து நெடுக வெள்ளையாக ஓடியது. என்னாச்சு என்று கேட்டவர்களிடமெல்லாம் உளுந்து மோசம், மாவு கெட்டுப்போய்விட்டது என்றேன். சைக்கிளில் வைத்து விற்க இட்லி எடுக்க வந்த நாகராஜிடமும் அதையேதான் சொன்னேன். அவன் வெறும் சைக்கிளோடு ஹாரனை அமுக்காமல் திரும்பிப் போனான்.

கொட்டினேன் என்பதுதான் உண்மை. ஆனால் உண்மை யாருக்கு வேண்டும்? இட்லி என்ற சொல்லையும் மூத்திரம் என்ற சொல்லையும் ஒருவர் ஒரே மூச்சில் கேட்டுவிட்டால் போதும். நடுவில் இந்தப் பேராச்சி என்ன செய்தாள் என்பது காதில் ஏறாது. ஏறினாலும், கொட்டினேன் என்று அவள் சொல்வது அன்றைக்கு மட்டும்தானோ என்று ஒரு கேள்வி வரும். சைக்கிள்காரர்கள் வேறு வீட்டில் இட்லி எடுத்துக்கொள்வார்கள். இங்கே சந்துக்குச் சந்து இட்லி வேகிறது, என் வீட்டு வாசலில்தான் நின்றாக வேண்டும் என்று யாருக்கும் தலையெழுத்தில்லை. மகள் ஷாலினி காலேஜ் போவது இந்த அண்டாவில்தான். இவர் குடிக்காமல் இருப்பதும் இந்த அண்டாவின் பக்கத்தில்தான்.

இத்தனைக்கும் குடியை விட நினைப்பவர்கள் கூடுகிற இந்தக் கூட்டத்தைத் தேடிக் கண்டுபிடித்து அவரைக் கொண்டுபோய் உட்காரவைத்தவளே நான்தான். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அது. அதற்கு முன்னால் செய்யாத கூத்தில்லை. ஊர்க் கோயிலில் கயிறு கட்டிக் கூட்டிவந்தேன், தாதர் ஸ்டேஷனில் வந்து இறங்கியதுமே கயிற்றை அறுத்துவிட்டார். மாலை போட்டால் மண்டலம் முழுக்கச் சாமியாகவே இருப்பார், செருப்புக்கூடப் போடமாட்டார், பக்கத்து வீட்டுக் குழந்தைகளையும் சாமி என்றுதான் கூப்பிடுவார். மலையிலிருந்து வந்து மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டின கையோடு வெளியே போவார். அந்த மாலைக்குத் தெரியும் நான் விட்ட கண்ணீர். குடிக்கிறவருக்குத் தெரியாமல் கலக்கிக் கொடுக்கலாம் என்று ரயில் பெட்டியில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து ஒரு பொடி வாங்கிச் சாம்பாரில் போட்டேன். நல்லாருக்கே என்று இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னார்.

ஷாலினிதான் மொபைலில் தேடினாள். முதலில் செம்பூரில் ஒரு சர்ச்சுக்குப் பின்னால் நடந்த இந்திக் கூட்டம். போய்விட்டு வந்தவரிடம் என்ன சொன்னார்கள் என்று கேட்டால், எல்லாரும் அழுதாங்க, நானும் சும்மா அழுதேன் என்றார். பஜாரில் பேரம் பேசுகிற இந்தி அவருக்கு உண்டு. நெஞ்சில் இருப்பதைச் சொல்கிற இந்தி கிடையாது. பிறகு மாட்டுங்காவில் ஒன்று. அங்கே தமிழ்க்காரர்கள்தான், ஆனால் தேய்த்த சட்டையும் ஆபீஸ் பையுமாக உட்கார்ந்திருந்தார்கள். "அவங்க குடிச்சதே இங்கிலீஷ்லதாம்ளா குடிச்சிருக்காங்க. நான் எங்கன போயி நாட்டுச்சரக்கச் சொல்ல" என்று அடுத்த வாரம் போகவில்லை. கடைசியில் தாராவியிலேயே, எங்கள் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில், ஒரு பள்ளிக்கூட அறையில் தமிழ்க் கூட்டம் நடப்பது தெரியவந்தது. அத்தனை நாளும் அந்த வாசலைத் தாண்டித்தான் நான் உளுந்து வாங்கப் போய்க்கொண்டிருந்தேன்.

அங்கே மாதத்தில் ஒரு நாள் வீட்டுக்காரர்களும் வரலாம். போனேன். சின்னப் பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சில் பெரிய ஆம்பிளைகள் முழங்காலை மடக்கித் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெளியே பொதுக் கக்கூஸ், உள்ளே சாக்பீஸ் தூசி, ஏலக்காய்ச் சாயா. இங்கே கேட்டதை இங்கேயே விட்டுச் செல்லுங்கள் என்று ஓர் அட்டையில் எழுதி மாட்டியிருந்தார்கள். ஒருவர் எழுந்து தன் பெயரைச் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்பார். எல்லாரும் அவர் பெயரைச் சொல்லி வணக்கம் சொல்வார்கள். பிறகு தொடங்கும். ஒருவர் கட்டரில் விழுந்து கிடந்தபோது எலி காதைக் கடித்ததைச் சொன்னார். அடுத்தவர் சாராயத்தில் கலக்கத் தண்ணீர் இல்லாமல் கட்டர்த் தண்ணீரையே மொண்டு கலந்து குடித்ததைச் சொன்னார். இன்னொருவர் வாந்தி எடுத்த சரக்கு வீணாகிறதே என்று... வேண்டாம், எழுதும்போதே எனக்கு வாய் கசக்கிறது. ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். யார் அதிகம் நாறினார்கள் என்று போட்டி வைத்தது போல இருந்தது எனக்கு.

குடியை விட்டார்கள், அது பெரிய காரியம், நான் இல்லை என்று சொல்லவில்லை. என் வீட்டிலேயே பார்க்கிறேன். ஆனால் இவர் எழுந்து நின்று என்னை அடித்த கதையைச் சொன்ன நாளில் என் உடம்பெல்லாம் புழு ஊர்ந்தது. அடி வாங்கியது நான். அந்தக் கதைக்குத் தட்டின கை அவ்வளவும் அவருக்கு. அதுவும் மாதத்துக்கு மாதம் கதை தேறிக்கொண்டே வந்தது. எங்கே நிறுத்தினால் கண் கலங்குவார்கள், எங்கே குரலை இறக்க வேண்டும் என்பதெல்லாம் படிந்துவிட்டது. முடித்து உட்காரும்போது அவர் முகத்தில் ஒரு தளர்ச்சி வரும், ஒரு சுகம். முதல் கிளாஸ் இறங்கினதும் வருகிற அதே முகம். எனக்குத் தெரியாதா அந்த முகம்? எத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன்.

அவருக்கு ஸ்பான்சர் என்று ஒருவர் உண்டு. தடுமாறும்போது போன் போட்டுப் பேச வேண்டிய மூத்த ஆள். ஷாகுல் ஹமீது அண்ணன், தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருப்பவர், குடியை விட்டுப் பல வருஷம் ஆனவர். நல்ல மனிதர். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் அவர் பட்டறைக்குப் போய், தோல் நாற்றத்துக்கும் பசை நாற்றத்துக்கும் நடுவில் நின்று, எல்லாவற்றையும் சொன்னேன்.

"என்கிட்ட அவன் சொல்லிட்டான் தங்கச்சி" என்றார். "ஒரு ஆள்ட்ட சொன்னாப் போதும்டா, அடுத்தவங்களுக்கு நோவு வாற மாதிரி சபையில சொல்லணும்னு ஒண்ணும் இல்லன்னு நானும் சொல்லிப் பாத்துட்டேன்."

"அப்பொ தடுத்து நிறுத்துங்க அண்ணே."

"நிறுத்தலாம். மேடையில நின்னு தொண்டைய அடைச்சுக்கிட்டு எறங்குனவன் நேரா எங்க போவான்னு எனக்குத் தெரியும். நானும் அப்படி ஒருதரம் போனவன்தான்." பை ஒன்றின் வாரை இழுத்து இழுத்துப் பார்த்தார். "உன் தொழிலும் தொழில்தான். நான் என்ன சொல்ல? நீயே அவன்ட்ட கேளு."

கேட்டேன். சனிக்கிழமை மத்தியானம் அவரைக் கதவுக்குள் வைத்து, ஷாலினி தலையில் கை வைத்து, மாவு விஷயத்தை விட்டுவிடுகிறேன் என்று சத்தியம் பண்ணச் சொன்னேன். ஷாலினி தலையைக் குனிந்து காட்டியும் காட்டாமலும் உட்கார்ந்திருந்தாள். "பப்பா, போல் தோ நா, சத்தியம்னு சொல்லிருங்களேன். மம்மிக்கு டென்ஷன் ஆவுதுல்ல" என்றாள்.

அவர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "சத்தியமெல்லாம் குடிக்கும்போது பண்ணுனது. அவ தலையில எத்தனதரம் கை வச்சிருக்கேன். இனிமே வைக்க மாட்டேன்." பிறகு, "பாக்குதேன்" என்றார்.

அந்தப் பதிலில் ஒரு நியாயம் இருந்ததுதான் என்னை இன்னும் எரித்தது.

குடியை விட்ட நாளைப் பிறந்தநாள் என்கிறார்கள் இந்தக் கூட்டத்தில். நரைத்த மீசையை வைத்துக்கொண்டு இவருக்கு ஒரு வயது. கேக் உண்டு, ஒற்றை மெழுகுவத்தி உண்டு, சால்வை உண்டு. பிறந்தநாள்காரர் வீட்டிலிருந்து டிபன் கொண்டுவருவது வழக்கம். வேறு எதையாவது வாங்கிவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். பேராச்சி இட்லி இருக்கையில் கடையில் வாங்குவதா என்று கூட்டத்து அண்ணாச்சிமாரே கேட்டுவிட்டார்கள். மதினி கை மாவு என்று பெயர் எனக்கு. அவர்களில் பாதிப் பேர் காலையில் என் வாசலில் தட்டேந்தி நிற்கிறவர்கள்தான். பிடிவாதமாக நல்ல அரிசி போட்டேன். கோபத்தில் அரைத்த மாவு நன்றாகப் பொங்கும்போலிருக்கிறது. இட்லி அன்றைக்கு மல்லிகைப்பூதான். பெரிய அலுமினிய டேக்சா நிறைய அடுக்கித் துணி போட்டு மூடி, நாகராஜ் சைக்கிளில் கட்டிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தோம். அவன் ஐரோலிப் பக்கம் கம்பெனி வாசல்களில் என் இட்லியை விற்கிறவன். மற்றச் சைக்கிள்காரர்கள் அவன் எங்கே எடுக்கிறானோ அங்கேதான் எடுப்பார்கள். இறக்கிவைத்துவிட்டுப் போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். "அண்ணாச்சிக்கு ஹாப்பி பர்த்டேயா? கேக்கு தின்னுட்டே போறேன் யக்கா" என்று கதவோரம் நின்றுகொண்டான்.

மெழுகுவத்தியை ஊதினார். பாட்டுப் பாடினார்கள். சால்வை போட்டார்கள். என்னை ரெண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நல்லாருக்கட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு டேக்சா பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். பிறகு அவர் எழுந்தார்.

"எம் பேரு பூலோகம். நான் ஒரு குடிநோயாளி."

"வணக்கம் பூலோகம்."

முதலில் வேலை போன கதை. அடுத்து என் மண்டை. தையல் போட்ட இடத்தை அவர் தன் தலையில் தொட்டுக் காட்டினார், கூட்டம் திரும்பி என் தலையைப் பார்த்தது. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டேன். கை தட்டினார்கள். தட்டத் தட்ட அவர் நிமிர்ந்தார். இது போதும், இதோடு உட்காருங்கள் என்று மனதுக்குள் கும்பிட்டேன். அவர் பேச்சை நிறுத்தி என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். ஷாகுல் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தார். அறை அமைதியாக இருந்தது. எத்தனை முகம், அத்தனையும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு. அந்த அமைதியைத் தாண்ட அவரால் முடியவில்லை. யாராலும் முடியாது என்று ஒரு கணம் எனக்கே தோன்றியது.

சொன்னார். மூடியை நகர்த்தியதையும் சொன்னார், திரும்ப மூடியதையும் சொன்னார். இவ்வளவு நாளும் சொல்லாமல் வைத்திருந்ததாலோ என்னவோ, அதில் மட்டும் தேர்ச்சி இல்லை. குரல் உடைந்து, மூக்கு ஒழுகி, அசிங்கமாகச் சொன்னார். முதல் தடவையாக ஒன்றை உள்ளபடி சொன்னார் என்றுகூடச் சொல்லலாம். "அவ்வளவு மாவையும் எம் பொண்டாட்டி..." என்று தொடங்கும்போதே கைதட்டல் வெடித்துவிட்டது. எழுந்து நின்று தட்டினார்கள். கட்டரில் கொட்டிட்டா என்ற மீதி வார்த்தை அவர் உதட்டில் அசைந்தது எனக்குத் தெரிந்தது. எனக்கு மட்டும்தான் தெரிந்தது. அதற்குள் நாலு பேர் வந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

கூட்டம் முடிந்தது. டேக்சாவின் துணியை விலக்கினேன். ஆவி வந்தது. இலைத் தட்டுகளை எடுத்து வைத்தேன், சாம்பார் வாளியைத் திறந்தேன். ஒருவரும் வரவில்லை. கதவுக்கும் எனக்கும் நடுவில் நின்று எல்லாரும் மொபைலைப் பார்த்தார்கள்.

"வாங்க அண்ணாச்சி" என்றேன்.

"வயிறு கொஞ்சம் சரியில்ல மதினி."

அடுத்தவருக்குச் சுகர் கூடிவிட்டது. கேக் தின்றவர்தான். இன்னொருவர் அன்றைக்கு ஏதோ விரதம் என்றார். காதை எலி கடித்தவர் என் கண்ணைப் பார்க்காமல் கும்பிட்டுவிட்டு வெளியேறினார். கட்டர்த் தண்ணீர் கலந்து குடித்தவர், இதே பெஞ்சிலிருந்து எழுந்து நின்று அதை வாய் ருசிக்கச் சொன்னவர், துணி விலக்கின டேக்சாவை எட்டிப் பார்த்துக் கைக்குட்டையை எடுத்து மூக்கை மூடினார். என் இட்லிக்கு!

"எலி தின்ன மிச்சக் காதுக்கும் கட்டர்த் தண்ணி குடிச்ச வாய்க்கும் என் இட்லி அருவருப்பா?" என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன். "வாந்தியவே விட்டு வைக்காத ஆளுவளா நீங்க, இன்னைக்கு என்ன மூஞ்சியச் சுளிக்கீய?"

அறையில் நின்ற கொஞ்சப் பேரும் நகர்ந்தார்கள். இங்கே கேட்டதை இங்கேயே விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். நான் கேட்டதை மட்டும் கேட்காத மாதிரி விட்டுவிட்டுப் போனார்கள். ஷாகுல் அண்ணன் ஒருவர்தான் வந்து தட்டை நீட்டினார். ஓர் இட்லி வைத்தேன். பிட்டார், சாம்பாரில் அழுத்தினார், இன்னும் சின்னதாகப் பிட்டார், பேசிக்கொண்டே ஜன்னல் பக்கம் போனார். திரும்பிப் பார்த்தபோது தட்டு பெஞ்சுக்கு அடியில் இருந்தது. இட்லி தட்டில் பிசைந்து கிடந்தது. நல்ல மனிதர் என்று சொன்னேன் அல்லவா? நல்ல மனிதருக்கும் தொண்டை என்று ஒன்று இருக்கிறது.

நாகராஜ் கிட்டே வந்தான். கேக் ஒட்டின விரலைச் சட்டையில் துடைத்தான். "யக்கா, அன்னைக்கு உளுந்து மோசம்னு சொன்னீயளே. அது இதுதானா?"

"கொட்டிட்டேம்ல நாகராஜு. ஒரு சொட்டு விடாமக் கொட்டினேன். சந்தே பாத்துச்சு."

"கொட்டினீயன்னா சரிதான்" என்றான். அவன் மனதில் ஓடுவது எனக்குத் தெரிந்தது. பொய் ஒரு தரம் சொன்னவள். அவன் டேக்சாவைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான், நகத்தைப் பார்த்தான். "நாளைக்குக் கொஞ்சம் வேல இருக்குக்கா. வண்டி எடுப்பனான்னு தெரியல. சொல்லுதேன்." டேக்சாவைத் திருப்பி எடுத்துப் போக வேண்டியவன் அதை மறந்துவிட்டுப் போனான். வெளியே சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்ட சத்தம் கேட்டது.

ஷாலினி டம்ளர்களை அடுக்கிக்கொண்டே அழுதாள். "சப் கதம் மம்மி, எல்லாம் முடிஞ்சிருச்சு" என்றாள். நான் அழவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, குமட்டிக்கொண்டுதான் வந்தது. கேக்கின் க்ரீம், சாயா கொட்டின தரை, அத்தனை ஆம்பிளைகள் விட்டுப்போன வியர்வை, எல்லாம் சேர்ந்து.

அவர் கடைசி ஆளை வாசல்வரை வழியனுப்பிவிட்டுச் சால்வையோடு உள்ளே வந்தார். அந்த முகம் இருந்தது. லேசான முகம். "எறக்கி வச்சிட்டேம்ளா" என்றார். "நெஞ்சு எப்படி இருக்கு தெரியுமா, பஞ்சு மாதிரி இருக்கு." பிறகுதான் டேக்சாவைப் பார்த்தார். அடுக்குக் கலையாமல் அப்படியே இருந்தது. அதைப் பார்த்தார், பெஞ்சுக்கு அடியில் இருந்த தட்டைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். அந்த லேசு முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதை நான் நின்று பார்த்தேன். எனக்கு அதில் ஒரு திருப்தி இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஓர் இலைத் தட்டை எடுத்து முன்னால் வைத்தார். "போடு" என்றார்.

வைத்தேன். சாம்பார் கேட்கவில்லை. பிய்த்துப் பிய்த்து வாயில் போட்டார். மெல்லாமல் முழுங்கினார். தட்டு காலியானது, வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை நிறுத்திக்கொண்டு, முன்னே அவர் கிளாஸைக் கவிழ்ப்பது போலவே, தொண்டை மட்டும் ஏறி இறங்க அவர் தின்றார். சால்வையில் இட்லித் துணுக்கு சிந்தியது. "பப்பா, பஸ், போதும்" என்றாள் ஷாலினி. அவர் கேட்கவில்லை. நான் வைத்தேன். ஒரு தடவை உமட்டல் வந்து இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் நீர் வழிந்தது. நான் கையில் இட்லியோடு குனிந்து காத்திருந்தேன். உள்ளே இறங்கியது. தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"போதும்னு சொல்லுளா" என்றார்.

நான் தட்டில் வைத்துவிட்டு அடுத்ததுக்கு டேக்சாவுக்குள் கையை விட்டேன். அடி இட்லிகள் இன்னும் சூடு ஆறாமலே இருந்தன.